சுரங்கத்துக்குள் நானும் அத்தையும்

அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அத்தை என்றால் என் மாமியார். மாமா இறந்த பிறகு, திருவெறும்பூரில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்கே வந்துவிட்டவர். மாவுக்கட்டுப் போட்டு, பிரிக்கும்வரை அந்தக் கையால் ஒரு வேலையும் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. நான் கன்டோன்மென்ட்டில் இருக்கும் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது டிபன் பாக்ஸ் தயாராக மேஜையில் இருக்கும். திரும்பி வந்தால், "காபி போடட்டுமா?" என்பார். அவ்வளவுதான். என் கணவருக்கு வெளியூரில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். இப்போது சமையலும் இல்லாமல் போனதும், அணைத்து வைத்த டிவிக்கு எதிரே அத்தை சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் நான் லேப்டாப்பில் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"இதுல கேம் விளையாடலாமா?"

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. உடனே அவர் போனில் ஏதோ ஒரு விளையாட்டை இறக்கிக் கொடுத்தேன். சாயங்காலமே போனை நீட்டிவிட்டார்.

"பாதி நேரம் யாராவது எதையாவது வித்துக்கிட்டே இருக்காங்கம்மா. நான் கேட்டது இது இல்ல."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. மாமாவின் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தபோது என் கணவரின் படிப்புக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள். அப்புறம் அவர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டார். மாமாவுக்கு மத்தியான ஷிப்ட். "தூசி தட்டத்தான் போனேன். அப்படியே ஆன் பண்ணிப் பாத்தேன்" என்றார் அத்தை. தொப்பியில் விளக்கு மாட்டிய குட்டி மனிதன் ஒருவன் சுரங்கத்துக்குள் தோண்டித் தோண்டிப் போய்க் கற்களைப் பொறுக்கும் விளையாட்டு. பல வருடம் மத்தியான வேளைகளில் அதை விளையாடியிருக்கிறார். மாமாவுக்குக்கூடத் தெரியாதாம்.

என் கணவரிடம் போனில் சொன்னேன். "அம்மாவா? அது நான் விளையாடின கேமாச்சே!" என்று கத்தினார்.

"அவன் மூணாவது லெவலைத் தாண்டினதே இல்ல" என்றார் அத்தை, மெதுவாக.

அந்தப் பழைய சிபியு எங்கள் பரணில்தான் கிடந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்து, அதில் இருந்ததையெல்லாம் பென் டிரைவில் ஏற்றி வாங்கினேன். "ஃபைல் வந்துடுச்சு. ஆனா புது விண்டோஸ்ல இது ஓடாதுங்க" என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். சொன்னபடியே ஓடவில்லை. இந்த கம்ப்யூட்டரில் இயங்காது என்று ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. பழைய விண்டோஸ் மாதிரி இயக்கு என்று ஒரு வசதி இருந்தது, அதற்கும் மசியவில்லை.

"விடும்மா. வயசான கேம்" என்றார் அத்தை. எனக்கு விட மனசில்லை. வீடியோக்களைப் பார்த்து, பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் ஒரு இலவச மென்பொருளைக் கண்டுபிடித்துப் போட்டேன். அதற்குள் சுரங்கம் திறந்தது. அத்தை "ஐயோ, அவனேதான்!" என்று இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆனால் குட்டி மனிதன் பறந்தான். விசையைத் தொட்டவுடன் சுவரில் முட்டிப் பாறைக்கு அடியில் செத்துப் போனான். புது கம்ப்யூட்டரின் வேகத்தில் எல்லாமே தலைதெறிக்க ஓடியது. வேகத்தைக் குறைக்க வழி இருந்தது. நான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க, அத்தை திரையையே பார்த்தபடி, "இன்னும்... இன்னும் கொஞ்சம்... ஆங், இப்படித்தான் நடப்பான்" என்றார்.

தோண்டுவதற்கு இடது பக்கம் இரண்டு எழுத்துகள். நடப்பதற்கு வலது பக்கம் அம்புக்குறிகள். மாவுக்கட்டோடு ஒருவரால் முடியாது. அதனால் நான் நடந்தேன், அத்தை தோண்டினார்.

"அட மக்கு, கீழ போ! கீழ!" என்று முதல் நாளே ஒரு அதட்டல் விழுந்தது. சொல்லிவிட்டு அத்தையே திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் என்னைத் திட்டியதே இல்லை.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் உட்கார்ந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, பேச்சு தானாக வந்தது. ஒரு நாள், என் வயிற்றில் குழந்தை தங்காமல் போன அந்த வருடத்தைப் பற்றிச் சொன்னேன். அதை நான் யாரிடமும் பேசியதில்லை. அத்தையின் விரல் விசை மேலேயே நின்றது.

"அப்ப நான் வந்தேன். சமைச்சு வச்சுட்டுப் போனேனே தவிர, உன் பக்கத்துல வந்து உக்காரல. என்ன சொல்றதுன்னு தெரியலம்மா."

"உங்க மிளகு ரசம் ஞாபகம் இருக்கு அத்தை. அன்னிக்கு அது ஒண்ணுதான் உள்ள இறங்குச்சு."

இடது கையை என் கைமேல் வைத்தார். திரையில் பாறை விழுந்து குட்டி மனிதன் செத்தான். இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

ஒன்பதாவது லெவலில் ஒரு இரும்புக் கதவு. அதை மட்டும் எங்களால் திறக்கவே முடியவில்லை. அந்தக் காலத்திலும் அத்தை அங்கேதான் நின்றுபோனாராம். அதற்குள் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். விரல்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார் டாக்டர். இனி அவருக்கு என் கை வேண்டாம் என்று நினைத்தபோது, சந்தோஷத்தோடு கொஞ்சம் வெறுமையாகவும் இருந்தது.

சில நாள் கழித்து அலுவலகத்தில் இருக்கும்போது போன் வந்தது. அத்தை அங்கே கூப்பிட்டதே இல்லை. பதறிப்போய் எடுத்தேன்.

"கதவு திறந்துடுச்சு!" என்றார்.

"ஐயோ! உள்ள என்ன இருக்கு?"

"நான் இன்னும் போகல. அப்படியே நிறுத்தி வச்சிருக்கேன், சார்ஜர்கூட மாட்டியாச்சு. நீ வா, சேர்ந்து போலாம்."

அன்று காவிரிப் பாலத்தில் பஸ் நகர்ந்தது மாதிரியே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய வேகத்தில் போய் உட்கார்ந்தேன். அத்தை இடது பக்கம், நான் வலது பக்கம். கதவுக்குள் நடந்தேன். உள்ளே அதே மாதிரி இன்னொரு சுரங்கம், பச்சை நிறத்தில்.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"நல்லதுதான்" என்றார் அத்தை, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டே. "நட, நட. பாறையைப் பாத்து."