கனகமணி வாங்கிய பஞ்சு

எம். புதுப்பட்டியில் நர்ஸம்மா கனகமணிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: மொத்தக்கடை. புளி என்றால் வருஷத்துக்கு, மிளகாய் என்றால் மூட்டையோடு. சில்லறையாக வாங்குவது அவளுக்குக் கௌரவக் குறைச்சல். "தெனம் தெனம் கடைக்கு நடக்க எனக்கென்ன கால்ல சக்கரமா கட்டிருக்கு?" என்பாள். வாங்கியதில் பாதியை வண்டு தின்றுவிடும். அதைப் பற்றி மட்டும் வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

அவள் புருஷன் பால்துரை ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றும் மேஸ்திரி. போன வருஷம் தீபாவளி சீசனில் லாரியின் உச்சியிலிருந்து தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, கயிற்றுக் கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். நாளாக நாளாக முதுகில் படுக்கைப்புண் வந்துவிட்டது. ஊரார் புண்ணையெல்லாம் கழுவிக் கட்டுகிற கனகமணிக்குத் தன் வீட்டுப் புண்ணை ஆற்ற முடியவில்லை. அந்த ஆத்திரம் அவளைத் தூங்கவிடவில்லை. மெத்தென்று ஒரு பஞ்சு மெத்தை போட்டால் ஆறிவிடும் என்று முடிவுகட்டினாள். முடிவில் தப்பில்லை. ஆனால் ஒரு மெத்தைக்கு வேண்டிய பஞ்சை மட்டும் வாங்க அவளுக்குத் தெரிந்தால்தானே!

விருதுநகர் ஜின்னிங் மில்லுக்கே நேரில் போனாள். இவருக்கு ஒரு மெத்தை, தனக்கு ஒன்று, மகள்கள் இரண்டு பேருக்கும் கல்யாணத்துக்கு, வருகிறவர் போகிறவருக்குத் தலையணை என்று வழியெல்லாம் யோசித்து, ஆமத்தூர் முனியசாமியின் மாட்டுவண்டி கொள்ளுமட்டும் பஞ்சை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள்.

மிதித்து அடைத்த சாக்குகள் வண்டியில் இருந்தவரை சாதுவாகத்தான் இருந்தன. வீட்டுக்குள் வந்து ஒன்றின் வாயைப் பிரித்ததும் பஞ்சு பொங்கிக்கொண்டு வந்தது. திரும்ப அடைக்கப் பார்த்தால் பாதிதான் உள்ளே போனது. முன்னறை முழுக்கச் சாக்கு. நாற்காலிகள் சாக்குக்கு அடியில். பால்துரை கிடந்த உள்ளறைக்குப் போக ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற சந்துதான் மிச்சம். எலி குடியேறியது. சோற்றில் பஞ்சு, மோரில் பஞ்சு. ஐப்பசி மழை தொடங்கியதும் ஈரம் ஏறி ஒரு நாற்றம் வேறு.

நெருப்புப் பயத்தைச் சொல்லவே வேண்டாம். அந்த ஊரில் மருந்து என்றால் வெடிமருந்து. பாதி ஊர் அதில்தான் வேலை பார்க்கிறது. கனகமணி அடுப்பைக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். மழை பெய்தால் அன்றைக்குச் சோறு அரைவேக்காடு. வாசலில் நின்று சட்டமும் போட்டாள்: "மருந்து ஒட்டுன சட்டையோட ஒருத்தரும் படியேறப்படாது. பீடியத் தெரு முக்குலயே அணைச்சிட்டு வரணும்." பால்துரையைப் பார்க்க வந்த கம்பெனி ஆட்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

சரி, மெத்தையாவது ஆயிற்றா? அவளே உறை தைத்து, பஞ்சைத் திணித்துப் போட்டாள். மிதிபட்டு இறுகிய பஞ்சு உள்ளே கட்டி கட்டியாக உருண்டது. இரண்டே நாளில் புண் இன்னும் கொஞ்சம் பெரிதானது. உறையை உருவி எறிந்துவிட்டுக் கொல்லையில் போய் அழுதாள். வீடு கொள்ளாத பஞ்சு, அவருக்கு விரிக்க ஒரு மெத்தை இல்லை!

வில்லில் அடித்துப் பதமாக்கினால்தான் பஞ்சு மெத்தைக்கு ஆகும் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னார்கள். வில் வைத்துப் பஞ்சடிக்கிற ஆள் ஆமத்தூர்ப் பக்கம் வந்திருக்கிறாராம். கனகமணி முனியசாமியைப் பிடித்தாள். அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

"முனியசாமி, ஒங்க ஊர்ல வில்லடிக்கிறவர் இருக்காராம்ல? சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லுங்க. வேலை நெறைய இருக்கு, ஆளுகளையும் கூட்டிட்டு வரட்டும்."

"அதுக்கென்னம்மா, கையோட கூட்டியாந்துருதேன்" என்றார் அவர்.

சனிக்கிழமை தூறலில் வண்டி வந்து நின்றது. நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் இறங்கினார். பின்னாலேயே உடுக்கை, குடம், தாளம். கடைசியாக, மணி கட்டிய பெரிய வில்.

"வணக்கம்மா, நான் சோலைமலை. எந்தச் சாமிக்குப் படிக்கணும்? கொடை எங்கன?"

கனகமணி வில்லையும் விபூதியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய் ஞானப்பாட்டு பாடுகிறவள் அவள். அவளுக்கு வில்லென்றால் அன்றைக்குப் பஞ்சு வில்தான். முனியசாமிக்கோ வில்லடி என்றால் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் விடிய விடிய நடக்கிற வில்லுப்பாட்டு ஒன்றுதான்.

"பஞ்சடிக்க ஆள் கேட்டா பாட்டுக்காரரக் கூட்டியாந்திருக்கீகளே! ஒங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கா?"

"நீங்க பஞ்சுன்னே சொல்லலியேம்மா" என்றார் முனியசாமி பாவமாக. "அண்ணனுக்குச் சொகமாகணும்னு வேதக்காரவுகளா இருந்தும் நேந்துக்கிட்டீக போலன்னு நெனச்சேன். வழியெல்லாம் இவுககிட்டயும் அதத்தான் சொல்லிட்டு வந்தேன்."

அவள் பதிலுக்குக் கத்த வாயெடுத்தபோது உள்ளறையிலிருந்து பால்துரையின் குரல் வந்தது. "யாரு கனகு? ஆளுக வந்திருக்காகளா? உள்ள வரச் சொல்லு."

"உள்ளயா? எங்கங்க உக்காருவாக?"

"நானும் அதத்தான் கேக்கேன், எங்கன உக்காருவாக? பஞ்சு வந்த நாள்லருந்து இந்த வீட்டுல ஒரு மனுசன் உக்காரல. கம்பெனி ஆளுக தெனம் வேலை விட்டு வந்து எங்கிட்டப் பேசிட்டுப் போவாக. இப்பத் தெருவுல நின்னு கொரல் குடுத்துட்டுப் போயிருதாக. இந்தப் புண்ணக்கூடப் பொறுத்துக்கிடுவேன் கனகு. நாள் பூரா மோட்டு வளையப் பாத்துக்கிட்டுக் கெடக்க முடியல."

கனகமணி சாக்குச் சந்து வழியே உள்ளறைப் பக்கம் பார்த்தாள். இத்தனை மாதமாக அவர் முதுகைத் தினமும் பார்த்திருக்கிறாள். முகத்தைப் பார்த்த நினைவில்லை. அவளுக்குத் தன் மேலேயே கோபமாக வந்தது.

விறுவிறுவென்று முன்னறைக்குள் போய் ஒரு சாக்கைப் பிடித்து இழுத்தாள். "வெளிய மழை பெய்யுதும்மா, நனைஞ்சிரும்" என்று சோலைமலை பதறினார்.

"நனையட்டும். ஆளுக்கொரு சாக்கப் பிடிங்க" என்றாள் அவள்.

சாக்குகள் ஒவ்வொன்றாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தன. உள்ளே கட்டிலில் கிடந்தபடி பால்துரை சோலைமலையைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எந்தச் சாமி பாட்டா இருந்தாலும் சரி. நல்லாச் சத்தமாப் படிங்க. கம்பெனி விடுற நேரம், எங்க ஆளுக காதுல விழட்டும்."