கும்பிடு போடாத மனு

“மனு நல்லாத்தான் கிடக்கு, பிள்ளை. ஆனா கடைசியிலை கும்பிடு போடேல்லையே. துரை இதை வாசிப்பாரோ?” என்றார் ரயில்வே கிராணி. துரையின் ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வே கூலிகள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் அவர் கை படாமல் எந்தக் கூலியின் மனுவும் துரையின் மேசைக்குப் போகாது.

‘தங்கள் மிகத் தாழ்மையான, கீழ்ப்படிந்த ஊழியன்’ என்று முடியும் வரியைத்தான் கும்பிடு என்றார். எல்லா மனுவிலும் அது இருக்கும். நான் வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஏழு வருடம் இங்கிலீஷ் படித்தவள்.

“தொர பாஷையிலயே நியாயத்த எழுதியிருக்கேன், ஐயா. அப்புறம் எதுக்குக் கும்பிடு?”

அப்பா சிரித்தார். “வுடுங்க கிராணியாரே, எம்மவ தொரைக்கே பாடம் எடுப்பா!”

அந்த வருடம் ரப்பரும் ஈயமும் விலை போகவில்லை. ரயில்வேயில் ஆள் குறைத்து, தமிழர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் வா என்றபோது வந்தவர்கள், போ என்றால் போக வேண்டும். தண்டவாளம் போட்டே முதுகு வளைந்த அப்பாவை வேலையில் வைத்துக்கொள்ளும்படி கேட்டதுதான் என் மனு.

பத்தாம் நாள் அது திரும்பி வந்தது. ஓரத்தில் நீலப் பென்சிலில் ஒரே வரி: கப்பலில் அனுப்பவும்.

“உன்ர மனுவாலை இல்லை, பிள்ளை. எல்லாரையும்தான் அனுப்புறாங்கள்,” என்றார் கிராணி, என் முகத்தைப் பார்க்காமல்.

கிள்ளானில் ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. அம்மாவும் அப்பாவும் மட்டும் புறப்பட்டார்கள். நானும் வருகிறேன் என்று அழுதேன்.

“நீ இங்க பொறந்தவ, ஆத்தா. அங்க வந்து யாருக்கு இங்கிலீசு எழுதப் போறே?” என்றார் அப்பா.

துறைமுகத்தில் வரிசையில் நின்றபோது மடியிலிருந்து அந்த மனுவை எடுத்துப் பக்கத்தில் நின்றவர்களிடம் காட்டினார். “எம்மவ எழுதினது. பாருங்க, அச்சடிச்ச மாதிரி.” அவருக்கு வாசிக்கத் தெரியாது. நீலப் பென்சில் வரியின் மேலும் அவர் விரல் பெருமையாகத்தான் ஓடியது.

போன வாரம் கிள்ளானில் ஒரு தண்டவாளக் கூலியின் மனைவி என்னைத் தேடி வந்தாள். “எங்க வூட்டுக்காரரையும் அனுப்பப் போறாங்களாம். நீங்க எழுதுனா நிறுத்திடுவாங்களா, டீச்சர்?”

தெரியாது என்றேன். எழுதினேன். கும்பிடு வரியை ஒரு சொல் குறையாமல் எழுதினேன். கணவனின் கைநாட்டை வாங்கிவரச் சொல்லி, நேற்று நானே தபாலில் போட்டுவிட்டேன்.