படத்தில் தெரியாத வலி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு வைகாசி மாதத்தில் நடந்தது இது. நான் ஆலங்குடிப் பக்கம் போர்வெல் வண்டியில் வேலை பார்ப்பவன். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. பிள்ளைகளே, உங்கள் வயதில் எனக்கும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அதனால் என் தப்பை மறைக்காமலே சொல்கிறேன்.

என் மனைவிக்கு ரொம்ப நாளாகக் கை கால் எலும்பெல்லாம் வலி. சிறுநீரகத்தில் இரண்டு தடவை கல் வந்துவிட்டது. துவைக்கிற துணியைப் பாதியில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள். திருச்சியில் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா ஒருவர் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நான்கு சுரப்பிகள் இருக்குமாம், பாராதைராய்டு என்று பெயர். அதில் ஒன்று அளவு மீறி வேலை செய்து, எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உருவி ரத்தத்தில் விடுகிறது, அதை எடுத்தாக வேண்டும் என்றார். எது என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் சென்டரில் லேசான கதிர்வீச்சு உள்ள மருந்தை ஊசியில் ஏற்றி, சற்று நேரத்தில் ஒரு தடவையும் இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவையும் படம் எடுத்தார்கள். கெட்டுப்போன சுரப்பி அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு புள்ளியாகத் தெரியுமாம். புள்ளி எதுவும் தெரியவில்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லி ரிப்போர்ட்டைக் கொடுத்தார்கள். முதல் பாதி மட்டும்தான் என் காதில் ஏறியது. நோயே இல்லை என்று முடிவு கட்டி, பஸ் ஸ்டாண்டில் அரைக் கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். டாக்டரம்மாவைப் பார்க்கவே போகவில்லை.

அடுத்த இருபது நாளும் அவள் உட்காரும்போதெல்லாம், எல்லாம் மனசுதான், எழுந்து நடமாடினால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் கேட்டாள்:

“படத்துல ஒண்ணுமில்லைங்கிறீங்க. அப்ப நோவுறது யாரு காலு?”

அத்தனை பெரிய மிஷின் பொய் சொல்லுமா என்றேன்.

“போர் போட பாயிண்ட் பாக்குற மிஷினு தண்ணி இல்லேன்னு சொன்ன எடத்துல நீங்களே எத்தன தடவ தண்ணி எடுத்துருக்கீங்க? ஊரான் காட்டுக்கு ஒரு நியாயம், ஏங் கழுத்துக்கு ஒரு நியாயமா?”

ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துப் பையில் வைத்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினோம்.

டாக்டரம்மா திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “நோய் இருக்குன்னு ரத்தம் சொல்லிருச்சுங்க. எங்க இருக்குன்னு பாக்கத்தான் இந்தப் படம். சில பேருக்கு அது காட்டாது.” நிறையப் பேருக்கு இந்த ஸ்கேன் சரியாகவே இடத்தைக் காட்டிவிடுமாம். சுரப்பி சின்னதாக இருந்தாலோ, ஒன்றுக்கு மேல் வீங்கியிருந்தாலோ தவறவிடலாமாம். அதனால் ஆபரேஷனில் கழுத்தைத் திறந்து நான்கையும் நேரிலேயே பார்த்து, கெட்டதை எடுத்துவிடுகிறேன் என்றார்.

ஆபரேஷன் நாளில் வாசலில் நின்றேன். அந்த இருபது நாளும் நான் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. டாக்டரம்மா வெளியே வந்து ஒரு சின்னக் குப்பியைக் காட்டினார். உள்ளே நிலக்கடலைப் பருப்பு அளவில் ஒன்று கிடந்தது. மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன என்றார். கொஞ்ச நாள் கால்சியம் மாத்திரை சாப்பிட்டாள். வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை, மாதத்துக்கு மாதம் குறைந்தது. போன வாரம் தென்னை மட்டையைத் தனியாக இழுத்துக்கொண்டு வந்தவள், பிடிக்கப் போன என்னைப் பார்த்து, “நகருங்க, வழியில நிக்காதீங்க” என்றாள்.

வீட்டிலோ வேலை செய்கிற இடத்திலோ யாராவது வலிக்கிறது என்று சொன்னால், இப்போதெல்லாம் நான் முதலில் அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். ரிப்போர்ட்டை அப்புறம்தான் கேட்கிறேன்.