மூன்றாம் ஓலை

எங்கள் கோயிலில் கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று பங்குச் சாமியார் கேட்பார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நவம்பரில் எனக்கு ஓலை வாசித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் எல்லாவற்றிலும் அவசரம்.

அப்பா வீட்டைவிட்டுப் போய்ப் பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. மில்லில் ஃபிட்டராக இருந்தவர். உக்கடத்தில் பஸ் ஏறினார் என்பதோடு தகவல் நின்றுபோனது. அம்மா பூவையும் பொட்டையும் விடவில்லை. அவிநாசிப் பக்கமிருந்து என்னைப் பார்க்க வந்தவர்களும் எங்களைப் போல வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்தான். ஆனாலும் ஓடிப்போனவர் மகள் என்று தெரிந்தால் எழுந்து போயிருப்பார்கள்.

"வடக்க வேலையா இருக்கறாருங்க, கல்யாணத்துக்கு வந்துருவாருங்க," என்று அம்மா கண் இமைக்காமல் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராத மனுஷனுக்கு இன்னும் எத்தனை வருஷம் சாக்குச் சொல்வது?

நவம்பர் இறந்தவர்களின் மாதம். கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி வைத்திருப்பார்கள். வீட்டில் இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதி அதில் போட்டால், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் பூசைக்கு முன் வாசிப்பார். இரண்டாம் ஓலைக்குரிய ஞாயிறு காலை, வெளியே பனி இன்னும் விலகவில்லை. ஏற்ற இறக்கமில்லாத குரலில் அவர் வாசித்துக்கொண்டே வந்த பெயர்களில் அப்பாவின் பெயரும் வந்தது. கூடவே எங்கள் தெருவின் பெயர். வாசித்த பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அடுத்த சீட்டை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

பூசை முடிவில் சாமியார் என் ஓலையை வாசித்தார். அப்பாவின் பெயர் மறுபடி வந்தது, இந்த முறை உயிரோடு இருப்பவராக. பெண்கள் பக்கத்தில் தலைகள் திரும்பின. பெயர் வாசிக்கப்பட்ட ஆன்மா அந்தப் பூசைக்கு வந்து உட்காரும் என்று எங்கள் ஜனங்கள் சொல்வதுண்டு. அதை நம்பாத எனக்கும் பின்கழுத்து சில்லிட்டது.

கோயில் காலியானதும் உபதேசியார் அந்தச் சீட்டோடு அம்மாவிடம் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, இதைப் போட்டது நீங்களா? யோசிக்காமப் படிச்சுப்போட்டேனுங்க."

கட்டம் போட்ட தாள், சிவப்புப் பென்சில் எழுத்து. அம்மா அதை நெடுநேரம் பார்த்தாள்.

"நாந்தானுங்க போட்டேன். போய்ச் சேந்துட்டாருன்னு தகவல் வந்துச்சுங்க. அடுத்த ஓலையில மாத்தி எழுதச் சொல்லுங்க."

வீடு வந்து சேர்ந்தோம். கதவைச் சாத்திய பிறகுதான் அம்மா சொன்னாள்.

"அவரு எழுத்து கண்ணு."

அப்படியென்றால் முதல் ஓலை வாசித்தபோது அப்பா அந்தப் பெஞ்சுகளில் எதிலோ உட்கார்ந்து கேட்டிருக்கிறார். நாங்கள் அவரைக் கடந்துதான் வெளியே வந்திருப்போம். கல்யாணத்துக்கு வந்து நிற்கத் துணிவில்லாத மனுஷனுக்குச் செத்துப்போகத் துணிவிருந்தது.

"உசுரோட இருக்கறவரைச் செத்துட்டாருன்னு சொல்லிட்டயேம்மா," என்றேன்.

"அவரே எழுதிக் குடுத்துட்டாரு. நாம என்னத்துக்கு இல்லைங்கறது?"

மாப்பிள்ளை வீட்டார் துக்கம் கேட்க வந்தார்கள். குறித்த தேதியைத் தள்ள வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். அப்பா இல்லாத பெண் என்பதில் அவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மூன்றாம் ஞாயிறு அம்மா பூவில்லாமல், பொட்டில்லாமல் வந்து என் பக்கத்தில் நின்றாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. சாமியார் அப்பாவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்த்து வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார்.

ஆண்கள் பக்கம் கடைசியில் யாரோ எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"திரும்பாத கண்ணு."

காலடிச் சத்தம் வாசல்வரை மெதுவாகப் போய்ப் படியிறங்கியது. சாமியார் இன்னும் சற்று நேரம் பார்த்துவிட்டு, தாளை மடித்தார்.