புளி போட்டுத் தேய்த்த நாணயங்கள்

சென்ற ஆவணியின் முதல் வெள்ளிக்கிழமை, சிதம்பரத்திலிருந்து கடலூர் திரும்பும் பேருந்தில் அவர் என் பக்கத்தில் இருந்தார். சலவைச் சட்டை, மடியில் வெல்வெட் பெட்டி. பேருந்து நிற்கும் இடமெல்லாம் அதைத் திறந்து பார்த்து மூடினார். உள்ளே நடராசர் பொறித்த நாணயங்கள்; முலாம் போய்ச் செம்பு தெரிந்தது.

மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று டி.வி. விளம்பரம் பார்த்து வாங்கியவையாம்.

"போன வாரம் கடலூர் கடையில செம்பு வெலை சொன்னாங்க. இன்னிக்கு சிதம்பரத்துலயும் அதேதான் சார். வெள்ளிக்கிழமை பூஜைக்குன்னு என் சம்சாரம் புளி போட்டுத் தேச்சே கெடுத்துட்டா. ஒரு வாரமா அவகூடப் பேசறதில்ல."

நாணயங்கள் பற்றிக் கொஞ்சம் படித்தவன் நான். "தேய்க்கலன்னாலும் இதே வெலைதாங்க. மேல பூசினது மட்டுந்தான் தங்கம். ஊருக்கெல்லாம் அடிச்சு வித்தது, யார் தேடி வாங்குவாங்க?" என்றேன்.

பெட்டியைத் திறந்து ஒரு நாணயத்தைத் திருப்பிப் பார்த்தார். "தங்கம்னா கறுத்திருக்குமா, நான் எதுக்குத் தேய்க்கப் போறேன்னு, நான் திட்டினப்பவே அவ கேட்டா சார். நான்தான் வாய மூடுன்னேன்."

விலையைச் சொன்னபோது இல்லாத தளர்ச்சி இப்போது அவர் முகத்தில் இருந்தது. கடலூர் முதுநகரில் இறங்கியவர் பூக்காரம்மா எதிரில் தயங்கி நின்றார். வாங்கினாரா என்று பார்ப்பதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது.