முதல் குடித்தனம்

ஊரே 'விசில்' என்று கூப்பிடுகிற என் சகலை நல்லவன். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

நான் குழாய் ஃபிட்டர், அவன் பஸ் கண்டக்டர். அக்காவை நான் கட்டினேன், தங்கையை அவன் கட்டினான். ஐம்பது வருடங்களுக்கு முன்னால் நகரத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவில் கிடந்த முள்காட்டில், ஒரே தெருவில் ஆளுக்கொரு மனை வாங்கினோம். எனக்குத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம், அவனுக்குப் பெரிய சாலைப் பக்கம். கதவு மாட்டும்வரைகூடப் பொறுக்காமல் வாசலில் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நான் குடியேறினேன். அவன் வந்தது பதினோரு நாள் கழித்து. இன்றைக்கு இரண்டு லட்சம் பேர் வசிக்கிற இந்த ஊரில் முதன்முதலாக அடுப்பு எரிந்தது என் வீட்டில்தான்.

வந்தவன் சும்மா இருந்தானா? நிறுத்தமே இல்லாத இடத்தில், தன் வீட்டுக்கு நேரே விசில் ஊதிப் பஸ்ஸை நிறுத்தினான். ஷிப்டு முடிந்தவர்கள் இறங்கினார்கள், மனை விசாரித்தார்கள். பஞ்சர் கடை வந்தது, மருந்துக்கடை வந்தது, பள்ளிக்கூடம், மேம்பாலம் எல்லாம் வந்தது. பஸ் நின்றதால்தான் ஊர் உண்டானதாம். தண்ணீர் இல்லாத இடத்தில் பஸ் நின்றால் என்ன, கப்பல் நின்றால் என்ன? அந்தத் தண்ணீருக்குக் குழாய் போட்டவன் நான். அவனுக்கு 'விசில் ஸ்டாப்' இருக்கிறது. என் பெயரில் ஒரு சந்துகூடக் கிடையாது.

புதுக் குழாய் போட்டால் தொட்டியிலிருந்து கடைக்கோடியில் இருக்கிற வீட்டில்தான் முதலில் திறக்க வேண்டும். உள்ளே கிடக்கிற காற்றும் சேறும் அந்த வழியாக வெளியேறினால்தான் மற்றவர்களுக்குத் தெளிந்த தண்ணீர் வரும். திறந்த வரிசைப்படியே பதிவேட்டில் எழுதுவது எங்கள் வழக்கம். அப்போது தெருவில் ஏழு வீடுகள். விசில் வீட்டுக்கு இணைப்பு எண் ஒன்று, என் வீட்டுக்கு ஏழு என்று என் கையாலேயே எழுதினேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

இந்த வருடம் ஊருக்கு ஐம்பது வயது என்று நகராட்சி பொன்விழா மலர் போடுகிறது. ஊர் பிறந்த கதையில் முதல் குடித்தனக்காரர் படமும் உண்டு. அலுவலகத்துப் பெண் நேராகப் பழைய பதிவேட்டைப் பிரித்துவிட்டாள்.

"ஏங்க, தங்கச்சி வீட்டுக்காரர் படம்தான் வருதாம். குழாய் நோட்டுல அவருதான் ஒண்ணாம் நம்பராம்" என்றாள் என் மனைவி.

"அது சேறு போறதுக்காகத் திறந்ததுடி!"

"எழுதினது நீங்கதானே?"

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டாப்பும் அவனுக்கு, முதல் குடித்தனமும் அவனுக்கா? என் வாழ்க்கையில் நான் முதலாவதாக வந்தது இந்த ஒன்றில்தான். அதையும் விட்டுவிடுவதா? மூன்றாம் நாள் வரிந்து கட்டிக்கொண்டு நகராட்சிக்குப் போனேன். காற்று, சேறு, கடைக்கோடி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

அந்தப் பெண் சிரித்தாள். "தெரியும் ஐயா. காலையிலேயே விசில் ஐயா வந்து சொல்லிட்டாரு. 'நான் ரெண்டாவதுதாம்மா. எங்க அண்ணன் பதினோரு நாள் முன்னாடியே வந்துட்டாரு, அவரு படத்தைப் போடுங்க'ன்னாரு. பேரை மாத்திட்டேன்."

கேட்டு வாங்க வந்ததை, அவன் கொடுத்து நான் வாங்கிக்கொள்ளும்படி ஆகிவிட்டது.

மலர் வந்தது. என் படம் தபால்தலை அளவு, கீழே இரண்டு வரி. பக்கத்துப் பக்கம் முழுக்க அவன்தான், விசிலோடு சிரிக்கிறான். மேலே கொட்டை எழுத்தில் 'தேடி வந்த பெருமையைத் திருப்பித் தந்தவர்.' என் மனைவி அந்தப் பக்கத்தைத் தங்கைக்குப் போனில் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

சாயங்காலம் அவனே வந்தான். "அண்ணே, இப்ப சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்" என்றேன்.

தோளில் தட்டிவிட்டுப் போனான். நான் இரண்டாவதாகக் குடிவந்து, எண் ஒன்று தவறிப்போய் என் வீட்டுக்கு விழுந்திருந்தால், நான் நகராட்சிப் பக்கமே எட்டிப் பார்த்திருக்க மாட்டேன். அது அவனுக்கும் தெரியும்.