பீலிக்கு நேர் வைத்த குழல்

மடுல்கெல்லக் காப்பித் தோட்டத்து ஸ்டோரில் இயந்திர வேலைக்குக் கறுப்பையாதான். கண்டியில் ஒரு பூட்டுக் கடையில் அரம் பிடிக்கக் கற்றவன். காப்பிப் பழத்தின் தோலுரிக்கும் இயந்திரம், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் மூங்கில்கள், துரையின் குதிரைச் சேணக் கொக்கி எல்லாம் அவன் கைக்குத்தான் வரும். அதிகம் பேசமாட்டான், வேலை சுத்தமாக இருக்கும்.

துரைக்குச் சீமையிலிருந்து புதுத் துப்பாக்கி வந்தது. கூடவே நீளமான பித்தளைக் குழல், உள்ளே கண்ணாடி. தூரத்தைக் கிட்டத்தில் காட்டுமாம். துப்பாக்கி மேல் பொருத்தச் சொன்னார். மான் சுடத்தான் என்று கறுப்பையா நினைத்தான்.

இரண்டு நாள் அராவி இரண்டு வளையம் செய்தான். உள்ளே மெல்லிய தோல் ஒட்டிக் குழலை இறுக்கினான். பிறகு பங்களா வராந்தாவில் துப்பாக்கியை ஒரு கட்டையில் அசையாமல் கட்டி, பின்வாயைத் திறந்து, வெறுங்குழாய் வழியே தூரத்து அடையாளம் ஒன்றைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்குள் இருக்கும் சிலுவைக் கோடும் அதே அடையாளத்தில் விழ வேண்டும். அதற்குப் பீலியைத் தேர்ந்தெடுத்தவன் அவனேதான். மூங்கில் வழி வரும் தண்ணீர் பாறையில் கொட்ட, வேலை விட்டு வந்து கூலி லயத்துப் பெண்கள் குளிக்கிற இடம் அது. மனைவி வீரம்மாவிடம் சொல்லி, அவள் சிவப்புச் சேலையைப் பீலிப் பாறையில் விரிக்க வைத்தான். கோடு சேலையின் நடுவில் விழுந்தபோது அவனுக்கே பெருமையாக இருந்தது.

துரை பார்த்தார். குழலைக் கண்ணோடு ஒட்டப் பின்னுக்குத் தள்ளச் சொன்னார். வெடித்தால் பித்தளை உதைத்துப் புருவத்தைப் பிளந்துவிடும் என்றான் கறுப்பையா. துரை சிரித்துக்கொண்டே, சொன்னதைச் செய் என்றார்.

மறுநாள் மாலை வளையத்தின் திருகாணியை இறுக்கப் போனான். துரை குழலில் கவிழ்ந்திருந்தார். வாய் பிளந்து, கீழுதட்டில் எச்சில் நின்றது. தோட்டாப் பெட்டி கட்டுப் பிரிக்காமலே கிடந்தது. அவர் உள்ளே போனதும் கறுப்பையா கண் வைத்தான். ஈர முதுகோடு அவன் தங்கை அங்கம்மா, கை நீட்டினால் தொடுகிற கிட்டத்தில். பித்தளை விளிம்பில் துரையின் வியர்வை. அது தன் இமையிலும் ஒட்டியதை உணர்ந்து, சட்டைத் துணியால் தோல் எரியத் தேய்த்தான்.

வீட்டில் சோற்றைத் தொடவில்லை. வீரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"என் சேலைய வச்சா குறி பாத்தீங்க?" என்றாள் அவள்.

குழலைத் தொட்டால் குடும்பத்தோடு துரத்திவிடுவார் என்றான்.

"கொழல யாரு எடுக்கச் சொன்னா? பீலிய எடுங்க. தண்ணி ஒங்க கையிலதானே ஓடுது."

விடியுமுன் மூங்கில்களைப் பிரித்து, பங்களா வராந்தாவிலிருந்து பார்வைக்கு எட்டாத ஸ்டோரின் பின்சுவருக்கு அப்பால் தண்ணீரைத் திருப்பினான்.

அன்று மாலை துரை ஸ்டோருக்கே வந்துவிட்டார். சுவருக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தமும் பெண்களின் சிரிப்பும் கேட்டன. கறுப்பையா அரத்தை வைத்துவிட்டு நின்றான். பீலியை ஏன் மாற்றினாய் என்று கேட்டால், மாற்றியது தனக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் அவர் சொல்லியாக வேண்டும். துரை இயந்திரத்தின் பல்லைத் தடவினார்.

"நல்லா ஓடுதா?"

"ஓடுதுங்க தொரை."

அவர் போனதும், தடவிய பல்லை எண்ணெய்த் துணியால் இரண்டு தரம் துடைத்தான் கறுப்பையா. அப்புறம் அந்தத் துணியையும் தூக்கி எறிந்தான்.